செல்வராணியின் பத்து கிலோமீட்டர்

செல்வராணி முதல் தடவை ஓடியதைப் பார்த்து நான் சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு நாகரிகமாகச் சிரிக்கவில்லை. ஜொகூர் பாரு பக்கம் தம்போயில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் திடலில், பெஞ்சில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்த நான், அவளுக்கே கேட்கும்படி சிரித்தேன். எண்பத்தாறு கிலோ எடை. ஐந்தடி ஓரங்குலம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் வெள்ளைச் சப்பாத்து. சுரிதாரின் துப்பட்டாவை இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள். ஒரு கோல் கம்பத்திலிருந்து புறப்பட்டவள் அடுத்த கோல் கம்பத்துக்குப் போய்ச் சேரவில்லை. நடுவிலேயே நின்று, முழங்காலில் கை ஊன்றி, வாயால் மூச்சு வாங்கினாள்.

பிறகு நேராக என்னிடம் நடந்து வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நானும் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்தேன்.

"அக்கா, நீங்க தினம் ஓடுறத எங்க வீட்டு சன்னல்லேர்ந்து பார்ப்பேன். எப்படிக்கா நிக்காம ஓடுறீங்க?"

நான் வசந்தினி. ஓர் அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு தள்ளிவிட்டு ஓய்வுபெற்றவள். ஐம்பத்தாறு வயது. எட்டு வருஷமாக ஓடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. ரப்பர் தோட்டத்து மக்களைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இளக்காரமாகப் பேசிய தோரணை எனக்குள்ளும் ஒட்டிக்கொண்டிருந்தது. வாய் வேறு நீளம். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது செல்வராணியின் கதைதான் என்றாலும், அதில் நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது.

செல்வராணிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அப்பா இறந்தபின் அம்மா அவளையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு தம்போய்க்கு வந்தார். பத்தொன்பது வயதில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சேர்ந்தவள், அன்றிலிருந்து அதே வேலை. ஓடும் பட்டையில் வரும் மூடிகளில் ஓட்டை, கீறல் இருக்கிறதா என்று எட்டு மணி நேரம் நின்றபடி பார்க்க வேண்டும். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா போனபின் தம்பி கனகராஜும் அவளும்தான். மூன்றாவது மாடியில் வீடு, லிப்ட் கிடையாது.

கனகராஜ் லோரி ஓட்டியவன். இருபத்தேழு வயதில் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்தது. கவனிக்கவில்லை. முப்பத்தைந்தில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள், நாலு மணி நேரம் மெஷினில் ரத்தம் கழுவவேண்டும். மனைவி விட்டுவிட்டுப் போனாள். அவளை நான் குறை சொல்லவில்லை, நல்லவள் என்றும் சொல்லவில்லை.

அக்காவின் சிறுநீரகம் தம்பிக்குப் பொருந்தும் என்று கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் இந்த எடையில் அவளை அறுவை மேசையில் படுக்க வைக்க முடியாது. பதினைந்து கிலோ குறைத்துக்கொண்டு அக்டோபரில் வரச் சொன்னார்கள். அது ஜனவரி மாதம்.

டாக்டர் சொன்னது ஒரு பக்கம். தம்பி சொன்னது இன்னொரு பக்கம்.

"எனக்கு வேணாம்கான்னுட்டான். மூணு மாடி ஏறவே நாலு தடவ நிக்கிற, ஒரு கிட்னிய எடுத்துட்டா நீ செத்துடுவ, நான் பொழச்சு என்னத்துக்குன்னு கேட்டான். நான் விடல. பத்து கிலோமீட்டர் ஓடிக் காட்டினா வாங்கிக்குவியாடான்னேன். சிரிச்சான்கா. ரொம்ப நாள் கழிச்சு அன்னிக்குத்தான் சிரிச்சான். சரி, ஓடிக் காட்டு, வாங்கிக்கிறேன்னான்."

எனக்குச் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மறுநாள் மாலை ஆறு மணிக்கு வரச் சொன்னேன்.

முதல் மாதம் முழுக்கத் தோல்விதான். தொடை இரண்டும் உரசிப் புண்ணாகி, வாஸ்லின் தடவிக்கொண்டு வருவாள். திடலின் ஓரத்துச் சாப்பாட்டுக் கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டிருக்கும் நாலு பேர், அவள் ஓடத் தொடங்கியதும் நிலம் அதிர்கிற மாதிரி மேசையைத் தட்டுவார்கள். ஒரு நாள் நான் போய் நன்றாகக் கொடுத்தேன். தமிழில் பாதி, மலாயில் பாதி. திரும்பி வந்தால் செல்வராணிக்கு என் மேல் கோபம்.

"ஏன்கா திட்டினீங்க? அவங்க தட்டினா எனக்கு நல்லதுலா. நிக்க வெக்கமா இருக்கும், இன்னும் பத்தடி ஓடுவேன்."

கால் வலியால் அவள் நிற்பதில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. நூறு மீட்டர் ஓடுவாள். முகம் வெளிறும். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றுவிடுவாள். அவளுடைய அம்மா பேருந்து பிடிக்க ஓடி, ஏறி உட்கார்ந்து, மூச்சு வாங்கியபடியே இறந்தவர். பக்கத்து இருக்கையில் செல்வராணி இருந்திருக்கிறாள். அன்றிலிருந்து தன் நெஞ்சு வேகமாக அடித்தால் சாகப்போகிறோம் என்று அவளுக்குத் தோன்றும். வேகமாகப் படி ஏறமாட்டாள், பேருந்து போனால் போகட்டும் என்று நின்றுவிடுவாள். இருபது வருஷம் அப்படி மெதுவாக நடந்து நடந்துதான் எண்பத்தாறு கிலோ ஆனாள்.

"நெஞ்சு அடிக்கட்டும். அடிக்கலன்னாத்தான் பயப்படணும்," என்றேன்.

அந்த மாதிரிப் பேச்சால் பயம் போகுமா? போகவில்லை. அவளைப் பேச வைத்தால் மட்டும் மறந்து ஓடினாள். பேச முடிகிற வேகத்தில்தான் ஓடவேண்டும் என்பது ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். ஆனால் செல்வராணி பேசினால் அது வேறு விஷயம். தொழிற்சாலை மேற்பார்வையாளர் எப்படி மூக்கைச் சிந்துவார் என்பதிலிருந்து, தைப்பூசத்துக்கு யார் யார் விரதத்தை ஏமாற்றினார்கள் என்பது வரை எல்லாம் வரும். பேச்சு தீர்ந்துபோனால் மட்டும் கை நெஞ்சுக்குப் போகும். அப்போது தம்பியைச் சொல்வாள்.

"அவன் நாலு மணி நேரம் கைய அசைக்காம கிடக்கிறான்கா. நான் இருபது நிமிஷம் கால அசைக்க மாட்டேனா?"

மார்ச் மாதம் நிற்காமல் ஒரு கிலோமீட்டர் ஓடினாள். அன்று அவள் அழுதாள், நானும் அழுதேன், சாப்பாட்டுக் கடைக்காரர்கள் என்னவோ ஏதோ என்று எழுந்து பார்த்தார்கள். ஏப்ரலில் மூன்று கிலோமீட்டர். எடை எழுபத்தொன்பது. என் பழைய ஓட்டச் சப்பாத்து ஒரு ஜோடியைக் கொடுத்தேன். அரை அளவு பெரிது, இரண்டு காலுறை போட்டுச் சமாளித்தாள். இவளை ஓட வைத்தது நான்தான் என்று எனக்குள் ஒரு நெஞ்சு நிமிர்த்தல் இருந்தது. கோயிலில் பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டேன்.

மே மாதம் வலது முழங்கால் வீங்கியது.

இருபத்து மூன்று வருஷம் சிமெண்ட் தரையில் நின்ற முழங்கால். கிளினிக்கில் ஆறு வாரம் ஓடக் கூடாது என்றார்கள், தடவுவதற்குக் களிம்பு கொடுத்தார்கள். ஆறு வாரம்! இரண்டு வாரம் வீட்டில் இருந்தாள். ஒன்றரைக் கிலோ ஏறிவிட்டது. மூன்றாவது வாரம் நொண்டிக்கொண்டே திடலுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, நான் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் பெஞ்சைத் தாண்டும்போது வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று வீட்டுக்குப் போய் அந்தப் போத்தலை எடுத்துவந்தேன்.

முன்பொரு தடவை கோலாலம்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில் ஆயர் ஈத்தாமில் பூச்சட்டி வாங்க இறங்கினேன். சாலையோரக் கடை ஒன்றில் வாங்கியது அது. பச்சை மூடி, லேபிளில் இஞ்சி மாதிரி ஒரு வேர், கீழே ஏதோ எண் போட்ட பளபளப்பான சீட்டு. கடைக்காரர், மூட்டு வலிக்கு ஜாமு, பாட்டன் காலத்து வேர் மருந்து என்றார். எனக்கும் முழங்கால் தொந்தரவு உண்டு. இரண்டு வாங்கினேன். இரண்டே நாளில் வலி போன இடம் தெரியவில்லை. ஒரு வாரத்தில் வயிறு எரிய ஆரம்பித்தது. சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, பிரிக்காத போத்தலை அலமாரியில் வைத்தேன்.

வயிறு எரிந்ததை நான் செல்வராணியிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. சொன்னால் அவள் வாங்கமாட்டாள், அவள் வாங்காவிட்டால் எனக்குப் பெருமை இல்லை. அவ்வளவுதான் காரணம்.

"இது மருந்தாக்கா?"

"மருந்தில்லலா. வேரு. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"டாக்டருகிட்ட கேக்கணுமா?"

"இஞ்சி டீ குடிக்கிறதுக்கெல்லாம் டாக்டருகிட்ட கேப்பியா?"

நாலாம் நாள் அவள் நொண்டாமல் வந்தாள். வலி போனது மட்டும் இல்லை, உடம்பே லேசாக இருக்கிறது, தூக்கம்கூட வேண்டாம் போலிருக்கிறது என்றாள். ஜூனில் ஐந்து கிலோமீட்டர். ஜூலையில் ஏழு. பேசாமலே ஓடினாள். நெஞ்சுக்குக் கை போகவில்லை. சாப்பாட்டுக் கடையில் மேசை தட்டிய ஆட்கள் இப்போது கட்டை விரலைக் காட்டினார்கள்.

முகமும் உருண்டு, கன்னம் சிவந்து, பளபளவென்று ஆனது. கல்யாணக் களை வந்துவிட்டது என்று நானே கிண்டல் செய்தேன். எடை மட்டும் எழுபத்தேழில் நின்றது. எவ்வளவு ஓடினாலும் இறங்கவில்லை. பசி தாங்க முடியவில்லை அக்கா என்றாள். வாயைக் கட்டு என்றேன். இராச் சாப்பாட்டை நிறுத்தினாள், அப்புறம் காலைச் சாப்பாட்டையும் பாதியாக்கினாள். கையில் அங்கங்கே நீலம் பாரித்திருந்தது. வேலையிடத்தில் தள்ளுவண்டி இடித்திருக்கும் என்றாள், நானும் இருக்கும் என்றேன்.

ஒரு போத்தலில் அறுபது குளிகை. ஜூன் கடைசியில் தீர்ந்திருக்க வேண்டும். ஒரு நாள் கேட்டேன்.

"தீர்ந்துடுச்சா?"

"இருக்குக்கா."

பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், அவளே வாங்கிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜொகூர் பாருவில் பத்து கிலோமீட்டர் ஓட்டம். இருவர் பெயரையும் பதிந்தேன். விடிந்தும் விடியாத நேரத்தில் ஆயிரம் பேர் கூடி நிற்க, செல்வராணி நெஞ்சில் குத்திய எண் அட்டையை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள். முதல் ஐந்து கிலோமீட்டர் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஏழாவதில் ஒரு மேம்பாலம். ஏற்றத்தில் பாதி போனதும் அவள் கை நெஞ்சுக்குப் போனது. மாதக்கணக்காகப் போகாத கை.

"அக்கா, அம்மா மாதிரி அடிக்குதுக்கா."

"அடிக்கட்டும். பேசு."

"பேச வரல."

"அப்ப கேளு." நான் பேச ஆரம்பித்தேன். அலுவலகத்தில் எனக்குப் பிடிக்காதவர்கள் ஒவ்வொருவராக வரிசையில் வந்தார்கள். பதினாறு பேரைத் திட்டி முடித்தபோது பாலம் இறங்கிவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே ஓடினாள்.

ஒரு மணி முப்பத்தெட்டு நிமிஷம். எங்களுக்குப் பின்னால் இருபது பேர்கூட இருந்திருக்க மாட்டார்கள். எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மரத்தடியில், பிளாஸ்டிக் நாற்காலியில், தொப்பி போட்டுக்கொண்டு கனகராஜ் உட்கார்ந்திருந்தான். ஊசி ஏறி ஏறிப் புடைத்துப்போன இடது கையைத் துண்டால் மூடியிருந்தான். ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் தண்ணீர் அவனுக்குக் கணக்கு. அக்கா தண்ணீர்ப் போத்தலை ஒரே மூச்சில் குடிப்பதை அவன் பார்த்துக்கொண்டிருந்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவள் பதக்கத்தைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டாள்.

"சரிக்கா," என்றான். "குடு. வாங்கிக்கிறேன்."

அவள் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அவ்வளவு சந்தோஷம் அவள் முகத்தில் அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, அதற்குப் பின்னும் பார்த்ததில்லை.

எடை இன்னும் ஆறு கிலோ குறைய வேண்டியிருந்தும், சொன்னபடி அக்டோபரில் பேருந்து ஏறி நானும் அவளும் கோலாலம்பூர் போனோம். இரண்டு நாள் சோதனை. ரத்தம், சிறுநீர், படம். எந்த மருந்தாவது சாப்பிடுகிறீர்களா என்று தாதி கேட்டாள், இல்லை என்றாள் செல்வராணி. அவள் பொய் சொல்லவில்லை. வேர் மருந்தாகுமா? பக்கத்தில் இருந்த எனக்கும் அது மருந்து என்று தோன்றவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் டாக்டர் அம்மா கூப்பிட்டார். மலாய்க்காரர், மெல்லப் பேசுகிறவர். காகிதத்தைப் பார்த்தார், செல்வராணியின் முகத்தைப் பார்த்தார், எழுந்து வந்து கையைத் திருப்பி நீலம் பாரித்த இடங்களைப் பார்த்தார். உட்கார்ந்தபின், வலிக்கு ஜாமு, மாஜுன் லேகியம், பாசார் மாலாமில் விற்கிற எதையாவது சாப்பிடுகிறாயா என்று மலாயில் கேட்டார்.

செல்வராணி கைப்பையைத் திறந்து போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். பயணத்துக்கு என்று கூடவே கொண்டுவந்திருந்தாள்.

டாக்டர் அதைத் திறந்து பார்க்கவில்லை. இதே மாதிரிப் போத்தல்கள் தன்னிடம் ஒரு இழுப்பறை நிறைய இருக்கின்றன என்றார். வேர்த்தூளோடு ஸ்டீராய்டைக் கலந்து விற்கிறார்கள், வலி நிவாரணியையும் கலக்கிறார்கள். ஒன்று முகத்தை உருட்டி, பசியைக் கிளப்பி, சர்க்கரையை ஏற்றும். இன்னொன்று சிறுநீரகத்தை அரிக்கும். செல்வராணிக்கு இனிப்பு நீர் வந்துவிட்டது. ரத்த அழுத்தமும் வந்துவிட்டது. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து வேலை செய்கிற அளவு பாதிக்குச் சற்று மேல்தான்.

"இது சரியாகுமா?" என்று செல்வராணி கேட்டாள்.

ஓரளவு சரியாகலாம் என்றார் டாக்டர். சர்க்கரைகூட இறங்கலாம். ஆனால் உன்னிடமிருந்து ஒன்றை எடுத்து இன்னொருவருக்கு வைக்க எந்த டாக்டரும் சம்மதிக்கமாட்டார், இப்போதும் இல்லை, இனிமேலும் இல்லை. அப்புறம் கேட்டார், இதை உனக்குக் கொடுத்தது யார்?

நான் தரையைப் பார்த்தேன். ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் வாய் கொடுக்கிற நான், அந்த அறையில் வாயைத் திறக்கவில்லை.

"கடையில வாங்கினேன்," என்றாள் செல்வராணி.

பேருந்தில் ஐந்து மணி நேரம். சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். செம்பனை மரங்கள் வந்துகொண்டே இருந்தன. மன்னித்துவிடு என்று சொல்ல நான் மூன்று தடவை தொண்டையைச் செருமினேன். ஜொகூர் பாருவில் இறங்கும்போது அவள்தான் பேசினாள்.

"அவன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்கா. நீங்க வராதீங்க."

நான் போகவில்லை. போகாமல் இருக்க அனுமதி கிடைத்ததே என்று ஆறுதல்கூட அடைந்தேன்.

அந்த மருந்தைச் சட்டென்று நிறுத்தக் கூடாதாம், நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேறு மாத்திரை கொடுத்தார்கள். குறையக் குறைய உடம்பு அவளைக் கீழே போட்டது. முழங்கால் வலி முன்னைவிட இரண்டு மடங்காகத் திரும்பியது. பத்து கிலோமீட்டர் ஓடியவள் மூன்றாவது மாடிக்கு ஏற, ஒவ்வொரு மாடியிலும் படியில் உட்கார்ந்து எழுந்தாள். தம்பியை மெஷினுக்கு அழைத்துப் போகும் நாட்களில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்குவதை என் வீட்டிலிருந்து பார்த்தேன். திரையை இழுத்துவிட்டேன். நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் நான் திடலுக்குப் போகவில்லை. ஓடினால் பெஞ்சைத் தாண்டவேண்டும்.

ஜனவரியில் என்னால் முடியவில்லை. தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, எதைத் தொட்டாலும் எரிச்சல். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கனகராஜ் ரத்தம் கழுவும் இடத்துக்குப் போனேன். அவனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு செல்வராணி வேலைக்குப் போயிருப்பாள் என்று தெரிந்தே போனேன்.

வரிசையாகப் பன்னிரண்டு நாற்காலிகள். கனகராஜ் ஓரத்தில் படுத்திருந்தான். செப்டம்பரில் பார்த்ததைவிடக் கறுத்திருந்தான். கையிலிருந்து போன ரத்தம் குழாயில் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. பக்கத்தில் நாற்காலி இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"அந்தப் போத்தல் நான் குடுத்தது, கனகராஜ்."

"தெரியும்கா."

"அவ சொன்னாளா?"

"அவ சொல்லல. நீங்க குடுக்கும்போது சன்னல்லேர்ந்து பார்த்தேன்." கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டான். "மொதப் போத்தல்தான்கா நீங்க. மிச்சம் மூணும் நான்."

எனக்குப் புரியவில்லை. அவனே சொன்னான்.

"மொதல்ல வேணாம்னு சொன்னேன்ல, அது நெசம். உண்மையாவே வேணாம்னுதான் சொன்னேன். அப்புறம் அவ அஞ்சு கிலோமீட்டர் ஓடிட்டு வந்தா. எனக்கு ஆச வந்துடுச்சுக்கா. மறுபடியும் லோரி ஓட்டலாம், தண்ணி குடிக்கலாம்னு படுக்கும்போதெல்லாம் நெனப்பு. ஜூன் கடைசில போத்தல் தீர்ந்துச்சு. ரெண்டு நாள்ல அவ நொண்ட ஆரம்பிச்சுட்டா. போதும்டா, கொஞ்ச நாள் ஓய்வு எடுக்கிறேன்னா. படி ஏறி வரும்போது நடுவுல நின்னு முட்டியப் புடிச்சுக்கிட்டா. நான் மேல நின்னு பார்த்தேன்."

தாதி வந்து மெஷினில் ஏதோ பொத்தானைத் தட்டிவிட்டுப் போனாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அக்காவுக்கு வலிக்குதேன்னு எனக்கு மொதல்ல தோணலக்கா. போச்சு, இவ இனிமே ஓட மாட்டா, நமக்குக் கிட்னி இல்லன்னுதான் தோணுச்சு. அன்னிக்கே பாசார் மாலாம் போயி தேடிப் புடிச்சு வாங்கிட்டு வந்தேன். சாப்பிடுக்கா, நிறுத்தாதன்னு கையில குடுத்தேன். தீரத் தீர வாங்கினேன்."

நான் மன்னிப்புக் கேட்கப் போனவள். அவனைத் திட்டவேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. எந்த வாயால் திட்டுவது? நாலு மணி நேரம் முடிகிற வரை அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலையே செல்வராணியைத் திடலில் பார்த்தேன். டிசம்பர் கடைசியிலிருந்து நடக்க வருகிறாளாம், எனக்குத்தான் தெரியாது. முகம் வற்றிப் பழைய அளவுக்கு வந்திருந்தது. முழங்காலில் பட்டை கட்டியிருந்தாள். நான் பக்கத்தில் போய் அவள் வேகத்துக்கு நடந்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள், பிறகு எனக்கு இடம் விட்டுச் சற்று ஒதுங்கி நடந்தாள்.

"கனகராஜைப் பார்த்தேன்," என்றேன்.

"சொல்லிட்டானா?"

"சொன்னான். நீ ஏன்டி என்கிட்ட சொல்லல? நான்தான் உன்னக் கெடுத்தேன்னு மூணு மாசமா செத்துக்கிட்டிருக்கேன்."

"சொன்னா அவன் தலையில எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு நீங்க தப்பிச்சுப் போயிருப்பீங்க." கோபமாகச் சொல்லவில்லை. சாப்பாட்டில் உப்பு குறைகிறது என்று சொல்வது மாதிரி சொன்னாள். "மொதப் போத்தல் நீங்க குடுத்ததுன்னு அவன்கிட்ட சொன்னா, உங்க தலையில போட்டுட்டு அவன் தப்பிச்சுக்குவான். யாரு குடுத்தா என்னக்கா? முழுங்கினது நான்தானே."

நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். அவள் நிறுத்தவில்லை. வேகமாக எட்டு வைத்து அவளைப் பிடித்தேன்.

"அவன் எப்படி இருக்கான் உன்கிட்ட?"

"என் முகத்தப் பார்த்துப் பேச மாட்டேங்கிறான். நான் சாப்பாடு போட்டா சாப்பிடுறான். பேரு எழுதிக் குடுத்திருக்கோம், செத்தவங்க கிட்னி ஏதாவது வந்தா கூப்பிடுவாங்களாம். அவனுக்கு முன்னால எத்தன ஆயிரம் பேரோ." மூச்சு வாங்க நின்று, மறுபடி நடந்தாள். "டாக்டரு ஓடலாம்னுட்டாங்க. மெதுவா. சர்க்கர எறங்கணும்னா ஓடித்தான் ஆகணுமாம்."

"ஓடுறியா? இவ்வளவுக்கும் அப்புறம்?"

"பின்ன? நானும் அந்த நாற்காலில போயிப் படுத்துட்டா, அவன யாருக்கா வாரம் மூணு தடவ கொண்டுபோயி விடுறது?"

இடுப்பில் துப்பட்டாவை இறுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். வலது காலை ஊன்றும்போதெல்லாம் முகம் கோணியது. நிற்கச் சொல்லலாமா என்று பார்த்தேன். சொல்ல எனக்கு என்ன உரிமை? கூடவே ஓடினேன்.